தப்பாக எழுதிய பொம்மை

என் கண்ணுக்கு,

நான் நலம்தான். இருமல் விட்டுவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என் புது வேலை என்னவென்று கேட்டாயே. கடைக்காரர்களின் இணையதளத்துக்குப் பெயர் தேடித் தருவது. நல்ல சொற்களையெல்லாம் யாராவது முன்பே வாங்கிப் போட்டிருப்பார்கள். அதனால் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிப் பதிவு செய்வோம். சிரிக்காதே, இதற்குத்தான் சம்பளம்.

திங்கட்கிழமை ஒரு பொம்மைக் கடைக்குத் தேடினோம். ‘பொம்மை’ கிடைக்கவில்லை. “யாராவது தப்பா சொல்லுங்கப்பா” என்றார் மேலாளர். என்னையும் அறியாமல் “மொம்மை” என்றேன். நம் பாப்பாவுக்குக் கடைசிவரை ‘பொ’ வாயில் நுழையவில்லையே. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

திரும்பி வந்து, “அது வேணாம் சார். செத்துப்போன என் பொண்ணு சொன்ன வார்த்தை” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “முதல்லயே சொல்லக் கூடாதாப்பா? இப்பதான் பதிவு பண்ணி, கடைக்காரர்கிட்டயும் சொன்னேன்.”

இனி அது விளம்பரங்களில் வரும். நீ திடீரென்று பார்த்து உடைந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. கோபமிருந்தால் திட்டி எழுது.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. இடைவேளை முடிந்து கூப்பிடுகிறார்கள். அவள் ‘மொம்மை’ கேட்டு அடம்பிடித்த வீடியோவை மட்டும் அழித்துவிடாதே. எனக்கு அனுப்பவும் வேண்டாம். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன்னவன்