பாக்கெட்டில் இல்லாத முகம்

பாண்டி மாப்ள, என் உசுரே,

நீ போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஊரில் இருக்கிற சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் விளம்பரம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் மட்டும் முதல் வரி வரமாட்டேன் என்கிறது. நான் எழுதியதை நீ எப்போதும் சத்தம் போட்டுப் படித்துப் பார்ப்பாய். அந்தப் பயமாக இருக்கும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் நிற்கவில்லை. உன் செல்விதான் ஓட்டுகிறாள். உளுந்து பொங்குகிற பக்குவம் உன் கையைவிட அவளுக்கு நன்றாக வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. உன் மகள் யாழினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. யார் போட்டோ எடுத்தாலும் வாயை மூடிக்கொள்கிறாள்.

எனக்கும் வேலைக்குக் குறைவில்லை. "தம்பி, சரக்கு நல்ல சரக்கு, ஆனா ஓடமாட்டேங்குது" என்று யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒன்றையேதான் சொல்கிறேன். தரம் தரம் என்று எழுதாதீர்கள், கெட்டுப்போன சரக்கை விற்கிறவனும் அதைத்தான் எழுதுகிறான். ஒரு போர்டில் ஒரு விஷயம் போதும். விலையை மறைக்காதீர்கள். வாங்குகிறவர் கடையில் எந்த வார்த்தையில் கேட்கிறாரோ அந்த வார்த்தையிலேயே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, செய்கிறவர் முகத்தைக் காட்டுங்கள். பெரிய கம்பெனியிடம் இல்லாமல் உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். மேலூரில் செக்கு எண்ணெய் விற்கிற பெரியவரைக் கூச்சம் போகப் பேசி, செக்குக்குப் பக்கத்தில் நிற்கவைத்து நானே படம் எடுத்தேன். இப்போது அவர் மீசையைப் பார்த்தே பாதிப் பேர் வாங்குகிறார்கள்.

உனக்கு மட்டும் வேறு சொன்னேன்.

'பாண்டி மாவு' என்று பேர் வைத்து, கிரைண்டர் பக்கத்தில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படத்தைப் பாக்கெட்டில் போடவேண்டும் என்பது உன் ஆசை. நான் வேண்டாம் என்றேன். பிராண்டு என்றால் பொதுவாக இருக்கணும், நாளைக்குத் திண்டுக்கல் வரைக்கும் போகணும் என்றெல்லாம் அளந்தேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கட்டில் வாங்குகிறவன் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. ஃபோன் ரிப்பேருக்குக் கொடுக்கிறவன் கேட்பதில்லை. தண்ணீர் விட்டு அரைத்த மாவை வாங்குகிறவன் கேட்பான். காலனிக்காரன் அரைத்தது என்று தெரிந்தால் ஃப்ரிட்ஜில் இடமில்லை என்பான். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை 'பிராண்டு' என்று சொல்லிக்கொண்டோம்.

'ஸ்ரீ அன்னம்' என்று பேர் வைத்தேன். மூக்குத்தியும் மல்லிகைப் பூவுமாக ஒரு சிவந்த அம்மாவைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து ஒட்டினேன். கீழே 'சுத்தபத்தமாக, பாரம்பரிய முறையில்' என்று ஒரு வரி. யாருடைய சுத்தம், யாருடைய பாரம்பரியம்? எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. நீ பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருடா மாப்ள இந்தம்மா? எங்க வீட்டுக்கு எப்ப வந்துச்சு?" என்றாய். சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு நீ வைத்த பேர் முதலாளியம்மா.

விளாங்குடியிலிருந்து பரவை வரைக்கும் ஒரு கடை விடாமல் போட்டாய். எல்லாக் கடையிலும் உன்னை டெலிவரிப் பையன் என்றே நினைத்தார்கள், நீயும் திருத்தவில்லை. மாவு புளிப்பாக இருக்கிறது என்று ஒருவர் சத்தம் போட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "மொதலாளியம்மாகிட்ட சொல்லிப் பாக்குறேண்ணே. அது கொஞ்சம் கோவக்காரி" என்றாய். உன் சொந்தக் கம்பெனியில் உனக்கு நான் வாங்கிக் கொடுத்த வேலை அதுதான், மாப்ள. அன்றைக்கு வண்டியில் உன் பின்னால் உட்கார்ந்து, ஐடியா எப்படி வேலை செய்கிறது பார் என்று பெருமையடித்தேன்.

அப்புறம் அந்தக் காலை. மாவை வண்டியில் ஏற்றப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நம் மதுரையில் ஒருவர் செத்தால் மத்தியானத்துக்குள் சுவரில் போஸ்டர் வந்துவிடும். இன்னார், இன்ன தொழில், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று போஸ்டரைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரியும். பால் வாங்கப் போகிறவர் படித்துவிட்டு, அப்படியே மாலையோடு வருவார். உன் போஸ்டரையும் அச்சடிக்கப் போனோம். வரிகளை எழுதியது நான். உன் சித்தப்பா மகன் முத்து, பேருக்குக் கீழே 'ஸ்ரீ அன்னம் மாவு உரிமையாளர்' என்று போடச் சொன்னான். திண்டுக்கல் ரோடு முழுக்க ஒட்டலாம் என்றான்.

வேண்டாம் என்றேன். "யாவாரம் படுத்துரும்டா. நாளைக்குச் செல்வி எதை வச்சுப் பொழைக்கும்?"

அவன் உடனே, "சரிண்ணே, புரியுது" என்றான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவனுக்கு அம்புட்டுச் சீக்கிரம் புரிந்ததுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. போஸ்டரில் உன் பேரும் படமும் மட்டும் வந்தன. காலனிச் சுவர்களோடு நிறுத்திக்கொண்டோம்.

உன்னை எடுக்கும்போது காலனி முழுக்க நின்றது. தினமும் உன் கையால் மாவு வாங்கிய ஒரு கடைக்காரர்கூட வரவில்லை. எப்படி வருவார்கள்? ஆள் மாறியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்வி என்னிடம் கேட்டாள். "அண்ணே, அம்புட்டுக் கடைக்கும் போட்டாரே. ஒருத்தருகூட எட்டிப் பாக்கலயே. அவுகளுக்கு எங்க மேல என்ன கோவம்?"

நான் தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் கடைகளுக்கு மாவு போட ஆரம்பித்த அன்று நானும் கூடப் போனேன். பரவையில் கடைக்காரர், பழைய பையன் நின்றுவிட்டானா என்று கேட்டார். "அவரு பையன் இல்லண்ணே, ஓனரு. எறந்துட்டாரு. நான் அவரு சம்சாரம்" என்றாள். மனிதர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டார். சொல்லவே இல்லையேம்மா, ஒரு மாலையாவது வாங்கிக்கொண்டு வந்திருப்பேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

விளாங்குடியில் இன்னொரு கடை. அங்கும் அதையே சொன்னாள். அவரும் உச்சுக்கொட்டினார். எந்தத் தெரும்மா என்று கேட்டார். சொன்னாள். மறுநாளிலிருந்து அவர் மாவு எடுப்பதில்லை. நான் கணக்குப் போட்டது சரிதான் என்பதற்கு அந்த ஒரு கடை சாட்சி. அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் கணக்கில் பரவைக்காரர் இல்லவே இல்லை. எல்லோரையும் விளாங்குடிக்காரராகவே வைத்துத்தான் உன்னை ஒளித்தேன்.

பழைய பாக்கெட் தீர்ந்து, புதிதாக அச்சடிக்கவேண்டிய நேரம் வந்தது. செல்வி கூப்பிட்டாள். போஸ்டர் விஷயத்தை முத்து சொல்லியிருக்கிறான். அவள் கத்தவில்லை.

"எனக்காகத்தேன் சொன்னீக, தெரியும். ஆனா செத்தது எம்புருசன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே."

அடுத்ததாக, பாக்கெட்டில் உன் படம் வேண்டும், உன் பேர் வேண்டும் என்றாள். நாலைந்து கடை போகும் என்றேன். போகட்டும், மீதிக் கடைக்கு நிமிர்ந்து நடந்து போய்ப் போடுகிறேன் என்றாள். விலாசத்தில் விளாங்குடி, மதுரை என்று மட்டும் எழுதினேன். "தெருவையும் போடுங்க" என்றாள். போட்டேன். 'பாண்டி தொடங்கிய மாவு. இப்போது அரைப்பது செல்வி.' சுத்தபத்தம் போய்விட்டது. முதலாளியம்மாவும் போய்விட்டாள்.

இதுவரை சொன்னதெல்லாம் செல்விக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காலனியைத் தாண்டி, ஊருக்குள் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் உன் மாவுதான் வந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பாய். அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்கும் நீ கம்பெனிப் பையன்தான். நீ என் சிநேகிதன், என் மாப்ள என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை, நீயும் ஒரு நாளும் இறங்கி உள்ளே வந்ததில்லை. கடைக்காரர்களுக்குப் பயந்து உன் முகத்தை மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை எடுத்த அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "அந்த மாவுக்காரப் பையனக் காணோமே, என்னாச்சுடா?"

"வேலைய விட்டுட்டாம்மா" என்றேன்.

உன்னை எரித்துவிட்டு வந்து குளித்த தலை அப்போது எனக்கு இன்னும் ஈரமாக இருந்தது.

புதுப் பாக்கெட் வந்துவிட்டது. நாளைக் காலையில் மாவுப் பாக்கெட் அடுக்கிய முதல் தட்டை நான் எடுக்கிறேன். முதல் பாக்கெட் எங்கள் வீட்டுக்கு. ஹாரன் அடிக்கமாட்டேன், அடுப்படி வரைக்கும் கொண்டுபோய் அம்மா கையில் கொடுப்பேன். படத்தைக் காட்டி, இவன் பாண்டி, என் மாப்ள, மாவை அரைத்தவன் இவன், வேலையை விடவில்லை, செத்துப்போய்விட்டான் என்று சொல்வேன். அவள் பாக்கெட்டைப் பிரிப்பாளா, தெரியாது. பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும், மீதித் தட்டோடு எங்கள் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறுவேன். எந்தத் தெரு மாவு என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்வேன்.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
சரவணன்