இருபதாவது ராடு

திருச்செங்கோடு,
12.6.2025

அன்புள்ள வசந்தாமணிக்கு,

நலம். நீயும் நம் பாப்பா யுவஸ்ரீயும் நலமாக இருப்பீர்கள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதென்று கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது. இது இடது கை எழுத்து. போனில் என் பேச்சை நம்ப முடியாது, மாத்திரை போட்ட கை நேராக எழுதாது, அதனால் மாதாமாதம் எழுதித்தான் போட வேண்டும் என்று நீ சட்டம் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்தச் சட்டமே இப்போது எனக்கு வினையாகிவிட்டது.

ஓமலூர் பக்கம் ரிக் வண்டியில் போர்வெல் போடும்போது, துளைக்கும் இரும்பு ராடு நழுவிக் கையில் விழுந்தது. சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து எலும்பு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். வலியில் கண் தெரியவில்லை. டாக்டர் ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். முதுகு வலிக்கென்று மாத்திரையாகப் போட ஆரம்பித்து, நம்மைப் பிரித்துவிட்டதே, அதே மருந்துதான். உடம்பு அதற்காக ஏங்கியது வசந்தா, பொய் சொல்லமாட்டேன். "அது மட்டும் வேண்டாங்க, அதுக்கு அடிமையாக் கெடந்து மீண்டவன் நான்" என்றேன்.

கை மரத்துப்போக மணிக்கட்டில் வேறொன்று குத்தினார்கள். பாதி வலி அடங்கியது. மிச்சத்துக்கு, ஹெலன் என்கிற சிஸ்டர் வலியை மறக்க என்று, கண்ணை முழுக்க மூடி உள்ளே படம் காட்டும் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டார். வார்டைக் காணோம்! கடல். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கமும் கடல். மீன்கூட்டம் முகத்தை உரசுகிற மாதிரி போகிறது, நான் கீழே கீழே இறங்குகிறேன். ஆயிரம் அடி துளைத்தும் புழுதியையே பார்த்தவனைச் சுற்றி அத்தனை தண்ணீர்! தொழில் புத்தி விடுமா? இருபது அடிக்கு ஒரு ராடு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். இருபதாவது ராடில் கண்ணாடியைக் கழற்றினார்கள். எலும்பைச் சேர்த்துக் கட்டே போட்டு முடித்திருந்தார்கள். வலி போய்விடவில்லை. அது எங்கோ கரையில் நின்றது, நான் ஆழத்தில் இருந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்து அழுதுவிட்டேன்.

பாப்பாவைப் பார்க்க வரலாமா?

உன்,
தீனதயாளன்


மோகனூர்,
18.6.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்தைப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன்.

போன ஆடியில் வந்த கடிதமும் இப்படித்தான் சரிந்து கிடந்தது. ரிக் வண்டி ஆட்டத்தில் எழுதியதாகச் சொன்னீர்கள். நம்பி வந்து பார்த்தால் தலையணை உறைக்குள் மாத்திரை. இப்போது கடலைக் காட்டி எலும்பைச் சேர்த்தார்களாக்கும்! யுவஸ்ரீகூடச் சிரிப்பாள். வர வேண்டாம். கை நிஜமாகவே உடைந்திருந்தால் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்தாமணி


திருச்செங்கோடு,
23.6.2025

வசந்தா,

நீ நம்பாததில் தப்பில்லை. நம்பவைத்து ஏமாற்றியவன் நான். ஆனால் பார்த்த கடலைப் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவேன்? இனி வரட்டுமா என்று கேட்கமாட்டேன். மாதக் கடிதம் மட்டும் தவறாமல் வரும், கட்டுப் பிரிக்கும்வரை இந்தக் கையால்தான்.

தீனதயாளன்


சேலம் பஸ் ஸ்டாண்டு,
30.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாமக்கல் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு, மடியில் வைத்து எழுதுகிறேன். இன்றைக்கு என் எழுத்தும் கோணல்தான்.

உங்கள் கடைசிக் கடிதம் உறுத்திக்கொண்டே இருந்தது, உங்களிடம் சொல்லாமல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் பெயரைச் சொன்னதுமே ஹெலன் சிஸ்டர், "ராடு எண்ணுன அண்ணனா?" என்று சிரித்துவிட்டார். "நீங்க அவரு சம்சாரமுங்களா? ஊசிய எடுத்து வெச்சுட்டு நின்னோம், வேண்டவே வேண்டாம்னுட்டாரு" என்று ஒரு தாளைக் காட்டினார். ஊசி வேண்டாம் என்று எழுதி, அடியில் உங்கள் இடது கைக் கையெழுத்து. கடிதத்தில் இருந்த அதே சரிந்த எழுத்து.

கெஞ்சிக் கேட்டு நானும் அந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். தலைக்கு மேலே ஒரு திமிங்கலம் போனது மாமா, நம் ரிக் வண்டியைவிடப் பெரிசு! மூச்சுவிட மறந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நானும் எண்ணினேன். ஆறாவது ராடுக்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அத்தனை வலியில், நான் பக்கத்தில் இல்லாத இடத்தில், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களே. கடலைவிட அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். உங்களை நம்பாமல் எழுதிய கையை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரேன். எழுதச் சொல்லிச் சட்டம் போட்டவள் நான், அதை எழுத்திலேயே எடுத்துவிடுகிறேன். இது கிடைத்ததும் போன் போடுங்கள். எடுப்பேன்.

உங்கள்,
வசந்தாமணி