ஈரலுக்குள் இரண்டு வலைகள்

இன்று காலை ஊர்காவற்றுறைச் சந்தையில் ஆட்டீரல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை இரத்த வாடை மூக்கில் ஏறியதும் நான் நின்ற இடம் சந்தையாக இல்லை. நெடுந்தீவில் உம்முடைய வீட்டுக் குசினி வாசல். அண்ணை கதிரையில் தலை குனிந்தபடி இருக்கிறார். நீர் அவருடைய மூக்கின் கீழே பிடித்திருக்கும் வெள்ளைத் துவாய் நனைந்துகொண்டே போகிறது.

தீவின் குடிதண்ணீரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதத்தான் நான் அன்று வந்தது. நீர் உயிரியல் படிப்பித்துவிட்டு வந்து பள்ளிக்கூட உடுப்பை மாற்றவும் இல்லை. முதல் நாள் பல் துலக்கும்போதே உம்முடைய அண்ணைக்குப் பல்முரசிலிருந்து இரத்தம் வந்ததாம். தொடையில் உள்ளங்கையளவு நீலம். எங்கும் அடிபட்டதாக நினைவில்லை. அவர் இருதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். இரத்தம் உறையாமலிருக்க நாள் தவறாமல் குளிசை எடுப்பவர்.

தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "இரத்தக் குளிசையைக் கூடப் போட்டிட்டியளோ ஐயா?"

"இல்லை. வழக்கமாப் போடுறதுதான்."

"வேற ஏதும் புதுசா?"

"ஒண்டுமில்லை."

நீர் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர். "அண்ணை, வலிப்புக் குளிசை?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"நிப்பாட்டிப்போட்டன். வலிப்பு வந்து எத்தினை வருசம்? அதைப் போட்டா நாள் முழுக்க நித்திரை. சைக்கிள்ளயும் தூங்கி விழவே?"

"எப்ப நிப்பாட்டினனியள்?"

"போன மாசம். சொன்னா நீ வகுப்பெடுப்பாய்."

டொக்டருக்கு அது போதுமாயிருந்தது. உடனே ஊசியைப் போட்டார். "இங்க வைச்சிருக்க ஏலாது சேர், யாழ்ப்பாணம் கொண்டுபோங்கோ" என்றார்.

இறங்குதுறையில் தென்மேற்குச் சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பயணிகள் படகு ஓடவில்லை. மீன்பிடி வள்ளக்காரர் கடலையும் துவாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், வள்ளம் பிரண்டா என்னை ஏசக்கூடாது."

"பிரண்டா ஏச ஆர் இருக்கப்போகினம்? எடும்."

ஒவ்வொரு அலைக்கும் வள்ளம் ஏறி, பலகை அதிர விழுந்தது. அண்ணையின் தலையை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தீர். மற்றக் கை மூக்கைப் பொத்தியிருந்தது. தலை ஒருமுறை பலகையில் இடித்தால் உள்ளே கசியத் தொடங்கிவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பயத்தை அடக்கத்தான் நான் கேட்டேன்: நிறுத்தின குளிசை எப்படி இரத்தத்தை ஓடவைக்கும்?

இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்தினீர்: "ஐசே, ஈரல் கலத்துக்குள்ள ரெண்டு வலை இருக்கு!"

பாடப்புத்தகத்தில் அவை அழுத்தமற்ற, அழுத்தமான அகமுதலுருச் சிறுவலைகள். உம்முடைய வாயில் சொரசொரப்பன், வழுவழுப்பன். இரண்டும் ஒன்றோடொன்று தொடுத்த மென்சவ்வுகள். சொரசொரப்பன்மேல் இறைபோசோம் என்ற சிறு மணிகள் ஒட்டியிருக்கும். புரதம் கட்டும் இடம் அது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவை ஈரலில் அங்கேதான் உருவாகின்றன. வழுவழுப்பனில் மணிகள் இல்லை. கொழுப்பை ஆக்குவதும், மருந்தையும் நஞ்சையும் உடைப்பதும் அதன் வேலை.

"வலிப்புக் குளிசை ஒவ்வொரு நாளும் வர, வழுவழுப்பன் பெருத்துப் போவான். பெருத்தவன் அதை மட்டுமே உடைப்பான்? இரத்தக் குளிசையையும் சேத்து உடைப்பான். அதுக்கு ஈடாத்தான் டொக்டர்மார் அதைக் கூட்டிக் குடுத்தவை. இவர் மற்றதை நிப்பாட்ட, அவன் மெலிஞ்சு போனான். அதே அளவு குளிசை இப்ப மிஞ்சிப் போச்சு."

"அப்ப அந்த ஊசி?"

"சொரசொரப்பனுக்கு. அவன் செய்யிற புரதம் உறையிற பதத்துக்கு வர விற்றமின் கே வேணும். குளிசை அதை மறிச்சு வைச்சிருந்தது. ஊசி போட்டாலும் உடன வராது. புதுசாச் செய்ய மணித்தியாலக் கணக்கில செல்லும்."

மடியில் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வகுப்பெடுப்பாய் எண்டு சொன்னனான்."

நீர் சிரிக்கவில்லை. துவாயில் நனையாத முனை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தீர். அது கிடைக்கவில்லை.

அக்கரையில், குறிகட்டுவானில் அம்புலன்ஸ் காத்து நின்றது. யாழ்ப்பாணத்தில் பிளாஸ்மா ஏற்றினார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவரின் ஈரல் செய்துவைத்த புரதங்கள், அண்ணையின் ஈரல் தன் வேலையைத் தொடங்கும்வரை அவரைத் தாங்கின. பின்னேரம் இரத்தம் நின்றது. நீர் துவாயை விட்டபோது உம்முடைய விரல்கள் நிமிர மறுத்தன. ஒவ்வொன்றாக நான்தான் விரித்துவிட்டேன்.

பிறகு டொக்டர்மார் வலிப்புக்கு வேறு குளிசை கொடுத்து, இரத்தக் குளிசையின் அளவையும் மாற்றினார்கள். அண்ணை இப்போது கரம்பொன்னில் மகளோடு இருக்கிறார். பின்னொரு நாள் காய்ச்சல் என்று படுத்த நீர்தான் எழும்பவில்லை.

அதுவரை ஒரு செய்தியைத் தேடிப் போனால், புதிதாக என்ன வந்தது என்றுதான் கேட்பேன். கிணறு உவராகிவிட்டது என்று யாராவது சொன்னால், அங்கே எது நின்றுபோனது என்றும் இப்போது கேட்கிறேன். பல தடவை பதில் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

சந்தையில் ஈரல் வாங்கவில்லை. நேரே கரம்பொன்னுக்குப் போனேன். படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும், நான் வாய் திறக்கும் முன்னரே, அண்ணை வழக்கம்போல உள்ளேயிருந்து சொன்னார்:

"வாரும். ஒண்டையும் நிப்பாட்டேல்லை."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால், திறந்து கிடக்கும் படலையைப் பார்த்துத்தான் சொல்கிறார்.