மிக்டாலியா வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை

என் கறுப்பனுக்கு,

நீ அங்கே நன்றாகத்தான் இருப்பாய். வெட்டுவதற்குக் கரும்பு இல்லை, துவைப்பதற்குத் துணி இல்லை. இங்கே நானும் உன் மகள் ஹெய்செலும் இருக்கிறோம். நலம் என்று எழுத மனசு வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். பிழை இருக்கும். நீ ஒன்றும் வாத்தியார் இல்லை, பேசாமல் படி.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். உன் மகள் முதல் வகுப்பு. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. இந்த வெள்ளையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் துவைகல்லில் போட்டு நானே அடித்துத் துவைப்பேன். கரும்பு எரிக்கிற மாசத்தில், கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிற பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையாம். இருப்பதே இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று துணிக்கம்பியில்.

என் துவைப்பில் குறை சொல்லாதே. கழுத்துப்பட்டைக்குக் கட்டி சோப்பைத் தேய்த்து, வெயிலில் பரப்பி, காயக் காயத் தண்ணீர் தெளித்து, கடைசி அலசலில் நீலம் போட்டு எல்லாம் செய்கிறேன். கம்பியில் போட்ட பிறகு வானத்திலிருந்து கரி இறங்குகிறதே, அதற்கு நான் என்ன செய்ய? காய்ந்த துணியில் விழுந்தால் உதறிவிடலாம். ஈரத் துணியில் விழுந்தால் தொடவே கூடாது, காயும்வரை விட்டுவிட வேண்டும். உன் மகளுக்கு அது தெரியுமா? உதவி செய்கிறேன் என்று ஒவ்வொரு கரியையும் விரலால் துடைத்திருக்கிறாள். சட்டை முழுக்க மை தீற்றினாற்போல் கிடந்தது. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. "அப்பா இருந்தப்போ இதெல்லாம் விழாதும்மா" என்றாள்.

உங்கப்பன் என்ன வானத்தைக் கையில பிடிச்சுக்கிட்டா இருந்தான் என்று கத்தினேன். பிறகுதான் யோசித்தேன். சாயங்காலம் கால் கழுவும்போது நீ சொல்வாயே, நாளைக்கு மாமரத்துப் பக்கம் கொளுத்துறாங்க, துணி போடாதே என்று. சட்டை வெள்ளையாக இருந்தது என் கைத்திறமை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டுக்கு முன்னால் கரும்புக் காட்டுக்கு நெருப்பு வைக்கிறவன் உன் தம்பி எவெனோர். அவன் உனக்குச் சொன்னான், நீ எனக்குச் சொன்னாய். உன்னை மண்ணுக்குள் வைத்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அவனும் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

டீச்சர் அவுரா கூப்பிட்டு விட்டாள். மற்ற பிள்ளைகள் முன்னால் ஹெய்செலின் காலரைத் தூக்கிக் காட்டி, "இதுக்குப் பேரு வெள்ளையா, பெட்ரோனா?" என்று என்னைக் கேட்டாள். பக்கத்தில் யார் நின்றது தெரியுமா? உன் தம்பி பெண்டாட்டி மிக்டாலியா. அவளை யார் அழைத்தது? தானாக வந்து நிற்கிறாள், தலையில் பூப்போட்ட கிளிப்போடு. "அக்கா, புள்ளைய எங்க வீட்டுல விடுங்க. எங்க பக்கம் காத்து நல்ல காத்து, ஒரு பொட்டுக் கரி விழாது. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். தேன் ஒழுகுகிறது வாயில். டீச்சரும் தலையாட்டினாள். அதுதான் பிள்ளைக்கு நல்லது, வேண்டுமானால் நகரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆபீசிலும் பேசுகிறேன் என்றாள். மிக்டாலியா ஹெய்செலுக்கு ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறாளாம், கட்டில் போட்டாயிற்றாம். தன் வயிறு கொடுக்காததை என் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு போகப் பார்க்கிறாள். கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.

சனிக்கிழமை இரண்டு சட்டையையும் துவைத்து, ஈரத்தோடு பேசினில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு நேராக அவள் வீட்டு முற்றத்துக்குப் போனேன். கொடியில் தொங்கிய எவெனோரின் கால்சட்டையை ஓரமாகத் தள்ளினேன். நம் சட்டைகளை நடுவில் போட்டேன். அவள் வீட்டு முக்காலியையே இழுத்துப் போட்டுச் சட்டைகளுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

மிக்டாலியா ஓடி வந்தாள். "என்னக்கா இது?"

"உன் காத்து நல்ல காத்துன்னு சொன்னியே. அதான் புள்ளைய வீட்டுல விட்டுட்டு சட்டைய மட்டும் கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

"கொடி என்னோடது" என்றாள்.

"காத்து?" என்று கேட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கிழவி தோன்யா எதெல் சிரித்துவிட்டாள். "விடுடி மிக்டாலியா, ஒரு காப்பி குடுத்து அனுப்பு. இல்லன்னா நாளைக்குக் கம்பளியும் தூக்கிட்டு வந்துருவா" என்றாள். மிக்டாலியா காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை போடவில்லை. கரும்பாலைச் சங்கு கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு சர்க்கரையில்லாத காப்பி. அதையும் குடித்தேன், முகம் சுளிக்காமல்.

சட்டை காய்கிற நேரத்தில் எவெனோர் வந்தான். கண்ணைத் தவிர எல்லாம் கரி. என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் பின்னால் போனான். பேசின் கழுவத் தண்ணீர் எடுக்க நானும் போனேன். தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான், சத்தமே இல்லாமல். பிறகு ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினான்.

மண் தள்ளுகிற அந்தக் காலை எனக்குத் தெரியும், கறுப்பா. நீயும் அப்படித்தான் மூடுவாய். நான் உன்னைக் குடிகாரன் என்று திட்டுவேன். தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், குடித்தேன் என்பாய்.

திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான். "அண்ணி, அவகிட்ட சொல்லிராதீங்க. இந்த அறுவடை மட்டும் முடியட்டும். சிறுநீரகம் போச்சுன்னு ஆலையில தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிருவாங்க" என்றான். நான் பேசினில் தண்ணீர் மொண்டேன். மேற்கொண்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணனும் இப்படித்தான் என்கிட்ட கேட்டுக்கிட்டாரு. கடைசி வரைக்கும் நான் வாயே தொறக்கல" என்றான். பெருமையாகச் சொன்னான். பேசின் கையில் இருந்தது. அவன் தலையில் போடாமல் இருந்ததற்குச் சாமியிடம் நான் எது வேண்டுமானாலும் கேட்கலாம்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, மெதுவாக, "நாளைக்குக் கோயில் பின்னால கொளுத்துறோம், துணி போடாதீங்க. இனிமே தெனமும் சொல்லி அனுப்பறேன்" என்றான். அவ்வளவுதான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் துணி போடவில்லை.

இப்போது சட்டை பளிச்சென்று இருக்கிறது. டீச்சர் காலரைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டாள். ஆபீஸ் பேச்சும் இல்லை. பிள்ளை என் பக்கத்தில்தான் படுக்கிறாள், தூக்கத்தில் உதைக்கிறாள், உன்னை மாதிரியே. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு முன்வரிசையில் நிறுத்துகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு விழுந்த பல்லின் இடைவெளியில் காற்று வருகிறது.

நேற்று மிக்டாலியா வந்தாள். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து, "எவெனோர் குடிக்க ஆரம்பிச்சுட்டார் போலக்கா. பின்பக்கம் போய் வாந்தி எடுக்கறார். கேட்டா ஆமாங்கறார். நல்லா நாலு வார்த்தை திட்டிட்டேன்" என்றாள். நான் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டுக்கு மடித்தது. வாய் திறக்கவில்லை. அவள் போன பிறகு பார்த்தால் அதே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்திருக்கிறேன்.

அவளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. சொன்னால் அவள் அவனை வேலைக்கு விட மாட்டாள். எங்கே கொளுத்துகிறார்கள் என்று எனக்குச் சேதி வராது, கரி விழும், டீச்சர் மறுபடி காலரைத் தூக்குவாள், கட்டில் அங்கே தயாராக இருக்கிறது. சொல்லாவிட்டால் ஒருநாள் அவளும் உட்கார்ந்து இப்படி ஒரு கடிதம் எழுதுவாள்.

சாமி உன்னைத் தூங்கவிடட்டும், என்னை விடுவதாக இல்லை. கல்லறைக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பூ கொண்டுவருவேன் என்று எதிர்பார்க்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் உன்னைக் குடிகாரன் என்று திட்டிக்கொண்டிருந்த அந்த நாளில், யாராவது படலைத் திறந்து உள்ளே வந்து எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், நீ அவர்களை மன்னித்திருப்பாயா?

பெட்ரோனா