எந்தக் கப்பல்

இல்லை லாத்தா, கருகல் வாசனை இல்லை. மெக்கானிக் ஏசியின் வெளி யூனிட் மூடியைக் கழற்றியதும் வந்தது உப்பும் துருவும் கலந்த வாசனை. வேலை முடிந்து வரும்போது உன் துப்பட்டாவில் இருக்கும் வாசனை.

மூன்று நாளாக ஏசி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. நம் உம்மா மூச்சுத்திணறலோடு உட்கார்ந்தே உறங்குகிறாள்.

“கம்ப்ரஸர் கதம், மேடம், செத்துப்போச்சு,” என்றார் மெக்கானிக். “மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வரணும். இதைக் கழட்டி எடுத்துட்டுப் போறேன்.”

தலையாட்டப் போனேன். இந்தத் தீவில் கப்பல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. வெங்காயம், சிமெண்ட், அச்சடித்த கல்யாணப் பத்திரிகை. எது தாமதமானாலும் கப்பல்.

மூத்தவள் நீதான் முன்பொரு முறை கேட்டாய். இதே மொட்டைமாடி, வேறொரு ஆள், பழைய ஏசி. அதற்கு மாற்ற வேண்டிய சர்க்யூட் போர்டு கப்பலில் வருகிறது என்றான். நீ வேலை பார்த்த ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாய்.

“எந்தக் கப்பல், பாய்?”

ஒரு பெயர் சொன்னான்.

“அதுவா? ரிப்பேருக்குப் போய் ஒரு மாசம் ஆச்சே. உங்க போர்டு நீந்தியா வருது?”

மறுநாளே போர்டு வந்துவிட்டது. எனக்கு அவன் மேல் கோபம். உனக்கோ, அதுவரை அது எங்கே இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். “சண்டை போட்டா வாயை மூடிக்குவாங்கடி. தெரிஞ்சுக்கணும்னு கேளு.”

இன்று நானும் கேட்டேன். எந்தக் கப்பல்? சட்டென ஒரு பெயர் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். உன் கேள்வி என்னிடம் இருக்கிறது, உன் கவுண்டர் இல்லை.

ஆனால் ஒரு கம்ப்ரஸர் செத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

“எப்படித் தெரியும், பாய்?”

“சத்தத்துலயே தெரியும். இருபது வருஷக் கை, மேடம்.”

“எனக்குக் கேக்கலையே. ஓடவிட்டு மீட்டர் மாட்டிக் காட்டுங்களேன்.”

மாட்டினார். அழுத்தம் காட்டும் ஊசி ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

“செத்தது எப்படி பாய் இவ்வளவு தள்ளுது?”

அவர் குனிந்து டார்ச் அடித்தார். நானும் குனிந்தேன். சுருளின் தகடுகளுக்கு இடையே வெள்ளையாக உப்பு அப்பியிருந்தது.

“காத்து போக வழியில்ல, அதான் சூடாகி நின்னுடுது. கழுவினா போதும்.”

“கம்ப்ரஸர்?”

“டீக்தான், நல்லாத்தான் இருக்கு.”

பொய் சொன்னாரா, பார்க்காமலே சொன்னாரா? இன்னும் யோசிக்கிறேன். நீயாக இருந்தால் அதையும் கேட்டிருப்பாய்.

குழாயில் தண்ணீர் இனி நாளைதான். டிரம்மில் இருந்ததை இரண்டு வாளிகளில் மாடிக்குத் தூக்கிப்போனேன். அவர் கழுவினார். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மாலையில் ஏசி நிற்காமல் ஓடியது. உம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன்.