மழைக்காக நின்ற ஆட்டம்

இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இப்போது மட்டும் எங்கிருந்து வரும்? இந்த ஒரு சொல்லுக்கே திரும்பிப் பார்ப்பீர்கள். பாருங்கள், ஒரு செய்தி வைத்திருக்கிறேன்.

உங்கள் கிரிக்கெட் விளையாட்டை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். ஓம், அதேதான். இங்கிலாந்தில், மீன் பொரித்து விற்கும் கடைக்கு மேல்மாடியில், ஆறேழு பேர் நெருக்கியடித்து இருந்து செய்த அந்த முதல் வீடியோ கேம். வீட்டுக்கு வரும்போது உங்கள் சட்டையில் வீசிய வாசத்துக்கு, மீன்காரனைக் கட்டியிருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். "படிச்ச படிப்புக்கு இதுவே வேலை?" என்று மாமி வேறு தொலைபேசியில் புலம்புவார்.

பிறகு அது நன்றாக விற்றது. உங்கள் ஸ்டூடியோ கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனது, வாசலில் பூச்செடி வைத்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று வந்து வாங்கியது. கிரிக்கெட் போதும், துவக்கால் சுட்டுக்கொள்ளும் சண்டை விளையாட்டுச் செய்யுங்கள் என்றது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனிசனை, அதே சத்தத்தைத் திருத்தமாகச் செய்யச் சொன்னால்? அந்தக் காலத்தில் நீங்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டி வைத்து, கதவைச் சாத்தப் போகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஆக்லாந்து, த்ரீ கிங்ஸில் இந்த வீடு, மவுண்ட் வெல்லிங்டன் கிடங்கில் கம்பியூட்டர் வேலை. கடைசியில் உங்களைக் கொண்டுபோன அந்தப் பாழாய்ப்போன நெஞ்சுவலி.

ஒன்று சொல்லட்டுமா? உங்கள் குரல் எங்களிடம் இல்லை. வீடியோ எல்லாம் எடுத்தது நீங்கள். கமெராவுக்குப் பின்னால் நின்றவர் ஒரு வார்த்தை கதைத்திருக்கக் கூடாதா?

அந்த விளையாட்டில் மட்டும் இருந்தது. உங்கள் ஸ்டூடியோ வழக்கம் அப்படி. ரசிகர் கூட்டத்தின் சத்தத்துக்கு வெளியாட்களைப் பிடிப்பதில்லை, எல்லாரும் படிக்கட்டில் நின்று கத்துவீர்கள். விக்கெட் விழுந்தால், வெள்ளைக்காரக் கூச்சலுக்கு நடுவே "ஐயோ, போச்சடா!" என்று ஒரு குரல். அது நீங்கள். ஆனால் பழைய டிஸ்க்கும் கீறிப்போனது, மெஷினும் செத்துவிட்டது. அதனால் புதிது வந்த அன்றே அபி வாங்கிவிட்டாள்.

தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் உங்கள் மகள், அப்பாவின் ஒரு தமிழ்ச் சொல்லுக்காக வேண்டுமென்றே அவுட் ஆகிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில். நடுவில் மழை வந்து ஆட்டம் நிற்கும். அதைப் பார்க்க யாருக்குப் பொறுமை? பட்டனை அமத்தித் தாண்டிப்போனோம். எங்களுக்கு விக்கெட் வேண்டும். விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. உங்கள் குரல் வரவில்லை. கூட்டத்தின் சத்தத்தையே மாற்றிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். டிவியில் மறுபடி மழை. பட்டனை அமத்த ஆளில்லை. குசினியில் நிற்கிறேன், ஹோலுக்குள்ளிருந்து ஒரு பெண் ஏசுகிறாள்.

"இன்னும் முடியேல்லையே? வாங்கோப்பா வீட்டை போவம், சோறு ஆறுது!"

கடவுளே, அது நான்! ஒரு மழை நாளில் குடையோடு உங்களைக் கூட்டிப்போக வந்து, படிக்கட்டடியில் நின்று கத்தியது. மைக் திறந்திருந்தது எனக்கென்ன தெரியும்?

பிறகு நீங்கள்.

"கொஞ்சம் பொறுமப்பா. மழை விட்டிடும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழிக்க மறந்துபோய் விட்டீர்களா, வேண்டுமென்றே வைத்தீர்களா? வைத்திருந்தால் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? மழையை எல்லாரும் தாண்டிப்போவதால், புதுக் கூட்டச் சத்தம் சேர்த்தவர்களும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள் போல.

அபி ஓடிவந்தாள். திரும்பக் கேட்க எதை அமத்துவது என்று தெரியாமல் நான் கை நீட்ட, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்டையும் அமத்தாதேங்கோ. அது திரும்ப வரும். இருங்கோ."

தமிழில்தான் சொன்னாள். இருந்தோம். நான் ஏசினேன், நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். திரும்ப ஏசினேன், திரும்பவும் சொன்னீர்கள். தேத்தண்ணி ஆறிப்போனது.

இனி உங்களை அவசரப்படுத்த மாட்டேன். சோறு ஆறினால் ஆறட்டும். மழை விடும்வரை இருக்கிறேன்.

உங்கள் மனைவி,
அபியின் அம்மா