மாப்பிள்ளை பக்கம் தாளம், பெண் பக்கம் பாட்டு

மூவார், மலேசியா,
ஞாயிறு காலை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் மழை வந்தால் தன் போக்கில் போகிறது. டப்ளின் குளிரும் நீயும் சமாதானமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து என்னையும் கெடுத்துவிடுவாய், அதனால் முறுக்குப் பார்சலோடு இதை எழுதி வைக்கிறேன். எதிர்வீட்டு ரூபினிக்குப் போன சனிக்கிழமை கல்யாண வரவேற்பு, அவள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது கீபோர்டு வாசித்தது நான். நீ விட்டுப்போன கீபோர்டில் இரண்டு வருடமாகத் தனியே பழகிவந்தேன், யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும்தான், கோபப்படாதே. ரூபினி ஜன்னல் வழியே கேட்டிருக்கிறாள். "ஆண்ட்டி, நான் உள்ள வரப்ப நீங்கதான் வாசிக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முந்நூறு பேர் முன்னால், அதுவும் முதல் முறை என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டேன்.

வரவேற்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது உன் ஜோடி ஸ்பீக்கரில் ஒன்று ஊமையாகிவிட்டது. சுகுமாரன் மாமா தன் கராவோக்கே ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார், நம்முடையதைப் போல இரண்டு மடங்கு பெரிது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பட்டறையில் இருபத்தைந்து வருடமாக நாற்காலிக் கால்களைச் சமமாக்கும் மனிதர். சின்னதுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி செய்து உயரத்தைச் சரிக்கட்டினார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், இரண்டிலும் சத்தக் குமிழை ஐந்தில் நிறுத்தி டேப் ஒட்டினார். "பொருத்தம் பத்துக்குப் பத்து லா" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மண்டபத்தில் வாசித்துப் பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. கீழ்ச்சுரங்கள் இடது ஸ்பீக்கரில் கூடுதலாகவும் மேல்சுரங்கள் வலதில் கூடுதலாகவும் வருவது வீட்டில் நடுவே உட்கார்ந்து கேட்க அழகு. இங்கே இடப்பக்க மேசைகள் மாப்பிள்ளை வீட்டுக்கு, அங்கே பெரிய ஸ்பீக்கர் இடியாய் முழங்கியது. பாட்டு பெண் வீட்டாரின் வலப்பக்கத்தில் மெலிதாகக் கேட்டது. ரூபினியின் தாய்மாமா திருச்செல்வம் வந்து, "என்ன தங்கச்சி, மாப்பிள்ளை பக்கம் தாளம், பொண்ணு பக்கம் பாட்டு, சம்பந்தி சண்டைய நீங்களே ஆரம்பிச்சு வைக்கிறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், போனில் ஏதாவது பாட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் உள்ளே நினைத்தேன். பிறகு ரூபினியின் கை நினைவுக்கு வந்தது. வலது ஒயரைப் பிடுங்கினேன். அப்படிச் செய்தால் நம் கீபோர்டு முழுச் சத்தத்தையும் இடது துளை வழியாகவே அனுப்பும். அதைப் பெரிய ஸ்பீக்கருக்குக் கொடுத்து, அதன் பின்னாலிருந்து இன்னொரு ஒயரைச் சின்னதுக்கு இழுத்தோம். அப்பாவை நடு மேசையில் கண்ணை மூடி உட்காரச் சொல்லி ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தேன், சுகுமாரன் மாமா பெரியதைக் குறைத்துக்கொண்டே வந்தார். "ஆ, இப்பத்தான் நடுவுல நிக்குது" என்று அப்பா சொன்னபோது குமிழ் மூன்றில் இருந்தது. தன் டேப்பைத் தானே பிய்த்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ரூபினி வாசலில் நின்றதும் வாசிக்கத் தொடங்கினேன், ஒரு கட்டை தப்பவும் தப்பியது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பக்கத்து மேசைகளிலும் ஒரே சமயத்தில் பேச்சு நின்றது, தேனு. அந்த அமைதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு புது ஸ்பீக்கர் ஜோடி வாங்கி அனுப்பக் கிளம்பாதே, இதுவே போதும். காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நினைத்ததெல்லாம் கூடிவர வேண்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். மறக்காமல் ரூபினிக்கு இரண்டு வரி வாழ்த்து அனுப்பு. கடைசியாக ஒன்று, மாப்பிள்ளையின் சித்தி கேட்டார் என்று ஆயர் ஈத்தாம் ஊரில் அடுத்த மாதம் இன்னொரு வரவேற்பில் வாசிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் இன்றைக்கே காரில் சாமான் ஏற்றத் தொடங்கிவிடுவார், நீயும் வாயைத் திறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா